நெல்லை வானத்துக்கு எந்த மவுண்ட்? சின்ன டெலஸ்கோப்புக்கான கை மவுண்ட்கள், ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் நின்று வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஒன்பது டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதே ஊரில் தை, மாசி இரவுகளில் திருவாதிரை நட்சத்திரம் ஏறக்குறைய நேர் உச்சியைத் தொட்டுக் கடக்கும். கோள்களும் சூரியன் போகும் பாதையை ஒட்டியே போகின்றன. ஆகவே வியாழனோ சனியோ தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது 55 டிகிரிக்குக் கீழே இருப்பது அபூர்வம். நாம் பார்க்க ஆசைப்படுகிற பொருள்களில் பெரும்பாலானவை நம் தலைக்கு மேலேதான் நிற்கின்றன.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அமைப்புதான் மவுண்ட். அதை வாங்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். லண்டனில் 51 டிகிரி அட்சரேகையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு வியாழன் பல வருடங்களில் 20, 30 டிகிரி உயரத்தில்தான் கிடைக்கும். அவர் "நன்றாக வேலை செய்கிறது" என்று மெச்சும் மவுண்ட், 8.7 டிகிரியில் இருக்கிற திருநெல்வேலியில் 80 டிகிரிக்குத் தூக்கியதும் வழுக்கும், இல்லையென்றால் குழாய் ட்ரைபாட் எனும் முக்காலியின் காலில் இடிக்கும். இங்கே சொல்லும் மதிப்பீடு முழுக்க இந்த ஊர் வானத்தையும் இந்த ஊர்க் காற்றையும் வைத்துத்தான். 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பிலிருந்து 150 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப் வரை, மோட்டார் இல்லாமல் கையால் தள்ளிப் பார்க்கிறவர்களுக்கு.

முதலில் ஒரு கணக்கு. அரை மீட்டர் நீளக் குழாயின் நுனி பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் பார்வை 41 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்) நகரும். வியாழனின் முழு வட்டமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது கண்ணுக்கே தெரியாத ஓர் ஆட்டத்தில் வியாழன் தன் உடல் அளவுக்குத் துள்ளும். ஃபோகஸ் குமிழைத் தொட்ட கையை எடுத்ததும் ஆட்டம் ஒரு நொடி, இரண்டு நொடியில் அடங்கினால் நல்ல மவுண்ட். மூன்று நொடி பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நொடிக்கு மேல் போனால் கோள்களை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கு, வானம் நகரும் வேகம். வான நடுக்கோட்டில் இருக்கும் நட்சத்திரம் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகரும். 700 மி.மீ. குவியத் தூரமுள்ள டெலஸ்கோப்பில் 7 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டால் 100 மடங்கு. சாதாரண பிளாஸ்ல் வகை ஐபீஸ் காட்டும் வட்டம் அரை டிகிரி. நட்சத்திரம் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற இரண்டே நிமிடம். நல்ல மவுண்ட் என்றால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் மென்மையாக ஒரு தள்ளு தள்ளினால் போதும். பொருள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். தள்ளியதும் பின்னுக்குத் தெறிக்கிற மவுண்ட், திருகை இறுக்கும்போது இடம் மாறுகிற மவுண்ட் இரண்டையும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இனி வகை வகையாக.

ஈக்வடோரியல் மவுண்ட், சுருக்கமாக ஈக்யூ. பெட்டியில் பெரிதாக, எதிர் எடையும் டயலுமாகப் பார்க்கவே கம்பீரமாக இருக்கும். பரிசாக வாங்கிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மயங்குகிறார்கள். நெல்லையில் சின்ன டெலஸ்கோப்புக்கு இதை வாங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் திட்டமான கருத்து. ஒரே அச்சைத் திருப்பி வானத்தின் நகர்வைப் பின்தொடர்வதற்காக இதன் முக்கிய அச்சு துருவத்தை நோக்க வேண்டும். நமக்குத் துருவம் ஒன்பது டிகிரிக்குள் இருப்பதால் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும். ஈக்யூ1, ஈக்யூ2 போன்ற சின்ன மவுண்ட்களை அந்த அளவுக்குச் சாய்ப்பதே பாடு. சாய்த்தாலும் எதிர் எடைத் தண்டு கீழே தொங்கி ட்ரைபாட் காலில் முட்டும்.  வடக்குப் பக்கம் ஒரு கால் வராமல் இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி ட்ரைபாடைத் திருப்பி வைத்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் அச்சைத் துருவத்துக்கு நேராக்க, துருவ நட்சத்திரம் தெரிய வேண்டுமே? 20 மீட்டர் உயரப் பனை ஒன்று 130 மீட்டர் தள்ளி நின்றாலும் அதை மறைத்துவிடும். நம் ஊரில் வடக்கே பனையோ தென்னையோ பக்கத்து வீட்டு மாடியோ இல்லாத இடம் எத்தனை? ஏற்கெனவே கையில் ஈக்யூ இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அட்சரேகைத் திருகை 90 டிகிரிக்கு ஏற்ற முடிகிற மாடலாக இருந்தால் அச்சை நட்டுக்குத்தாக நிறுத்தி, மேல் கீழாகவும் இடம் வலமாகவும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அஸிமுத் மவுண்டாகப் பயன்படுத்தலாம்.

கேமரா ட்ரைபாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 400 மி.மீ. குவியத் தூரத்துக்குள் உள்ள குட்டி டெலஸ்கோப்புக்கு, 20 முதல் 40 மடங்கு வரை, ஃப்ளூயிட் வீடியோ ஹெட் (எண்ணெய்த் தடையால் மென்மையாகத் திரும்பும் தலை) போட்ட கனமான ட்ரைபாட் சரிப்படும். நிலவுக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் போதும். நடுத்தண்டை மேலே உயர்த்தாதீர்கள்; ஆட்டம் முழுக்க அங்கிருந்துதான் வரும். சாதாரண பான் ஹெட்டில் கைப்பிடியை இறுக்கும்போது பொருள் கீழே இறங்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது.

அடுத்தது, 60, 70 மி.மீ. டெலஸ்கோப்புகளோடு பெட்டியிலேயே வரும் கவட்டை மவுண்ட். குழாயை இரு பக்கமும் பிடிக்கும் கவட்டை, பக்கத்தில் உயரத்தைச் சரிசெய்ய ஒரு மெல்லிய தண்டு. இதில் உள்ள குறை அமைப்பிலேயே இருக்கிறது. அச்சு குழாயின் நடுவில் போகாமல் அடியில் போகிறது. குழாயின் எடை மையம் அச்சுக்கு ஆறு ஏழு சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. குழாயை நிமிர்த்த நிமிர்த்த அந்த எடை பின்பக்கம் சாய்கிறது. 30 டிகிரியில் இருக்கும் இழுவை 80 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் தாழ்வான பொருள்களில் ஒழுங்காக நிற்கும் மவுண்ட், சனியைத் தேடி நிமிர்த்தியதும் ஐபீஸ் பக்கம் சரிகிறது. சரியாமல் இருக்க இறுக்கினால் அப்புறம் நகர்த்த முடியாது. பக்கத்துத் தண்டும் பல மாடல்களில் 70 டிகிரிக்கு மேல் போக விடாது. நெல்லை வானத்துக்கு இது ஒத்துவராது. கவட்டையோடு வந்த டெலஸ்கோப் நல்ல லென்ஸ் உடையதென்றால், குழாயை வைத்துக்கொண்டு மவுண்டை மட்டும் மாற்றுங்கள்.

எதற்கு மாற்றுவது? லென்ஸ் டெலஸ்கோப் என்றால் ஒற்றைக் கை ஆல்ட்-அஸிமுத். ஸ்கை-வாட்சரின் ஏஇசட்5, விக்சனின் போர்ட்டா 2 இந்த வகை. குழாய் மவுண்டின் ஒரு பக்கத்தில், டவ்டெயில் பட்டையில் (குழாயின் அடியில் உள்ள சாய்வு விளிம்புப் பட்டை) பிடிபட்டு நிற்கும். உயர அச்சு குழாயின் எடை மையத்துக்கு அருகிலேயே போவதால் 10 டிகிரியிலும் 85 டிகிரியிலும் ஒரே மாதிரி நகரும். கிளட்ச் உரசலில் நிற்பதால் கையால் தள்ளி வானத்தின் எந்த மூலைக்கும் போகலாம். பிறகு நீளத் தண்டுள்ள ஸ்லோ மோஷன் குமிழை (மெல்ல மெல்ல நகர்த்தும் குமிழ்) திருகி நிதானமாகப் பின்தொடரலாம். 100 மடங்குக்கு மேல் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குமிழ் மிகவும் வேண்டியது. குமிழ் இல்லாத ஏஇசட்4 மாதிரி மவுண்ட்கள் இதைவிட உறுதியானவை, பழுதாக அதிகம் ஒன்றும் இல்லாதவை. ஆனால் பெரிய உருப்பெருக்கத்தில் விரலால் தள்ளிப் பழக வேண்டும். போர்ட்டா 2-க்கு 5 கிலோ என்பது நிறுவனம் சொல்லும் வரம்பு. நீளமான குழாயானால் எந்த மவுண்டிலும் சொன்ன வரம்பில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எடையை விட நீளம்தான் மவுண்டை அதிகம் ஆட்டுகிறது.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது ட்ரைபாடும் உயரமும். 700 மி.மீ. டெலஸ்கோப்பை உச்சிக்குத் திருப்பினால் அதன் வால் பக்கம் மவுண்ட் தலையிலிருந்து 45 சென்டிமீட்டர் கீழே இறங்கும். விரிந்த கால்கள் அந்த உயரத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கும். குழாய் இடிக்கும். 20, 30 சென்டிமீட்டர் நீட்டிப்புத் தூண் ஒன்றைத் தலைக்கும் கால்களுக்கும் நடுவே போட்டால் தப்பிக்கலாம். கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம்: மூன்று அங்குல இரும்புக் குழாய், இரு முனையிலும் 10 மி.மீ. தட்டு வெல்டிங், கீழே மேலே 3/8 அங்குலத் திருகு அல்லது உங்கள் மவுண்டின் அடிப்போல்ட் எதுவோ அது. வெல்டிங் ஆறியபின் இரு தட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி லேத்தில் ஒரு முறை முகம் எடுக்க, அதாவது பரப்பைச் சமமாகச் சீவ, சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். தட்டு சாய்ந்தால் மவுண்ட் முழுக்கச் சாய்ந்துதான் நிற்கும். தூண் போட்டால் உயரம் கூடி ஆட்டமும் கொஞ்சம் கூடும் என்பதால் கால்களை அதே அளவு சுருக்கிவிடுங்கள். கால்கள் 44 மி.மீ. விட்டமுள்ள உருக்குக் குழாயாக இருப்பது சிறப்பு. மெல்லிய அலுமினியக் கால்கள்தான் உங்கள் கையில் இருக்கின்றன என்றால், உள்ளே காய்ந்த மணலை நிரப்பி வாயை அடையுங்கள். ஆட்டம் அடங்கும் நேரம் கண்கூடாகக் குறையும்.

குமிழில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பகலில் தூரத்து மின்கம்பத்தின் பீங்கானை நடுவில் வைத்து, குமிழை ஒரு பக்கம் திருகிவிட்டு மறுபக்கம் திருப்புங்கள். கால் சுற்றுக்குள் காட்சி நகரத் தொடங்க வேண்டும். முழுச் சுற்று வீணாகப் போனால் குமிழ் திருப்பும் வார்ம் எனும் திருகுப் பல்லுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். பக்கத்து ஆலன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சரிசெய்யலாம். ரொம்ப இறுக்கினால் குமிழ் விட்டு விட்டு நகரும்.

கண்ணாடி டெலஸ்கோப், அதாவது நியூட்டோனியன் என்றால் கேள்விக்கே இடமில்லை: டாப்சன்தான். சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் மக்களுக்கு வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பெயரால் வழங்கும் இந்த மவுண்டில் பல்சக்கரம் இல்லை, பூட்டு இல்லை, எதிர் எடை இல்லை. மரப்பெட்டியும் டெஃப்லான் துண்டுகளும் மட்டுமே. 114 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை உள்ள குழாய்க்கு நெல்லையில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. குழாய் தாழ்வாக இருப்பதால் காற்று குறைவாகப் பிடிக்கும். ஐபீஸ் குழாயின் மேல்முனைப் பக்கம் இருப்பதால் உச்சியைப் பார்க்கும்போது கழுத்தை முறிக்க வேண்டாம்.

ஒரே ஒரு தொல்லை. நேர் உச்சிக்கு அருகில் பொருளை ஒரு டிகிரி நகர்த்த அடிப்பலகையை நிறையச் சுற்ற வேண்டும். 80 டிகிரி உயரத்தில் ஒரு டிகிரிக்கு ஆறு டிகிரி சுழற்சி; 85 டிகிரியில் பதினொன்றரை. ஆனால் உச்சியைக் கடக்கிற நட்சத்திரம் மணிக்கு 15 டிகிரி இறங்கும். நாற்பது நிமிடம் பொறுத்தால் அதே பொருள் 80 டிகிரிக்கு வந்துவிடும். ஆகையால் திருவாதிரைப் பக்கத்தை முதலிலேயே பார்ப்பது, அல்லது ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. இடையில் தெற்கே திரும்பினால் அகத்திய நட்சத்திரம் 28 டிகிரி உயரத்தில் நிற்கும். பங்குனி, சித்திரையில் ஒமேகா சென்டாரி எனும் நட்சத்திரக் கொத்து 34 டிகிரியில் கிடைக்கும். ஐரோப்பியர்கள் ஏங்கும் பொருள் அது. டாப்சனுக்கு மிகவும் வசதியான உயரம்.

ஹெரிடேஜ் 130பி போன்ற மேஜை மேல் டாப்சன்கள் வீட்டில் இடம் குறைவானவர்களுக்கு ஏற்றவை. எதன் மேல் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல், மடக்கு மேஜை இரண்டும் ஆகாது. கல் திண்ணையோ சிமென்ட் தொட்டியின் மூடியோ இருந்தால் அருமை. இல்லையென்றால் ஆசாரியிடம் 50 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று கால் ஸ்டூல் செய்து வாங்குங்கள். நான்கு கால் வேண்டாம். சமமில்லாத தரையில் ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். கம்பெனி அடிப்பலகை மரத்தூள் பலகையாக இருந்தால், வெட்டிய ஓரங்களில் ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு முறை ஊறி உப்பினால் திரும்பத் தட்டையாகாது.

குழாய் மட்டும் கையில் இருப்பவர்கள் டாப்சனை இங்கேயே செய்துகொள்ளலாம். 18 மி.மீ. பி.டபிள்யூ.பி. தரப் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. 40 சென்டிமீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டப் பலகை. கீழ்ப்பலகைக்கு அடியில் மூன்று ரப்பர் பாதம், 120 டிகிரி இடைவெளியில். பாதங்களுக்கு நேர் மேலே, அதே மூன்று இடத்தில் டெஃப்லான் துண்டுகள். நேர் மேலே என்பது முக்கியம். தள்ளி வைத்தால் பலகை வளைந்து ஆடும். மேல்பலகையின் அடியில் மைக்கா ஒட்டுங்கள். பளபளப்பான மைக்காவில் டெஃப்லான் ஒட்டிக்கொண்டு, நகர்த்தும்போது விடுபட்டுத் துள்ளும். பொரிபொரியான, மங்கலான மைக்காவைக் கேட்டு வாங்குங்கள்.

டெஃப்லான் துண்டின் அளவையும் கணக்குப் போட்டே வெட்ட வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வந்தால் நகர்வு வெண்ணெய் போல இருக்கும். சுழலும் பகுதி மொத்தம் 10 கிலோ என்றால் மூன்று துண்டும் சேர்ந்து 10 சதுர சென்டிமீட்டர். ஆளுக்கு 18 மி.மீ. சதுரம். பெரிதாக வெட்டினால் அதிகம் வழுக்கும் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது நேர்மாறு. 5 மி.மீ. தகடாக வாங்குங்கள். பசையால் டெஃப்லான் ஒட்டாது. சின்ன ஸ்க்ரூ போட்டு, தலை டெஃப்லானுக்குள் இரண்டு மில்லிமீட்டர் அமுங்கும்படி குழி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரூத் தலை மைக்காவைக் கீறிவிடும்.

உயர அச்சுக்கு 110 மி.மீ. பிவிசி எண்ட் கேப் இரண்டு போதும். குழாயை ஐபீஸும் ஃபைண்டரும் (பொருளைக் குறிபார்க்க உதவும் குட்டித் தொலைநோக்கி) மாட்டிய நிலையில் ஒரு உருளை மேல் வைத்துச் சமநிலை வரும் இடத்தைக் கண்டுபிடித்து, கேப்புகளை அந்த இடத்தில் மாட்டுங்கள். வெறும் குழாயாகச் சமன் பார்த்தால் கனமான ஐபீஸ் போட்டதும் முன்பக்கம் தொங்கும். கேப் உட்காரும் டெஃப்லான் துண்டுகள் நடுவிலிருந்து இருபுறமும் 30 முதல் 35 டிகிரி சாய்வில். பக்கப் பலகைகள் இரண்டையும் இணைக்கும் முன்பலகையைக் குறைக்காதீர்கள். பெட்டி முறுக்காமல் இருப்பது அதனால்தான். உவரி, இடிந்தகரைப் பக்கம் உள்ளவர்கள் போல்ட், வாசர் எல்லாம் எஸ்எஸ் 304-ஆகப் போடுங்கள். உப்புக்காற்று மற்றதை ஒரு வருடத்தில் தின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மைக்காவைத் துடைத்து மெழுகு மெல்லியதாகத் தேய்த்தால் நகர்வு பழையபடி ஆகும்.

மவுண்ட் எதுவானாலும் வைக்கிற இடம் பாதி வேலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் வழியே வரும் காற்றில், பணகுடி, வடக்கன்குளம் பக்கம் காற்றாலைகள் சுழலும் நாட்களில், ட்ரைபாட் மேல் நிற்கும் எந்த டெலஸ்கோப்பும் ஆடத்தான் செய்யும். அந்த மாதங்களில் மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் மறைவில் டாப்சன் மட்டுமே பயன்படும். ட்ரைபாடுக்கு அடியில் 5 லிட்டர் தண்ணீர் கேன் தொங்கவிடுவது நல்லது. தரையைத் தொடாமல், அதே சமயம் ஊசலாடாமல் இருக்கும்படி இரண்டு கயிற்றில் கட்டுங்கள். தட்டட்டியில் வைப்பதானால் தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ போகும் கோட்டின் மேல் வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நடந்தால் நடுத்தளம் அதிரும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கால் மெல்ல மெல்லப் புதையும். 15 சென்டிமீட்டர் சதுரப் பிளைவுட் துண்டு ஒவ்வொரு காலுக்கும் அடியில் போட்டால் நிற்கும்.

வாங்கும்போதோ பார்சல் வந்ததும் உடனேயோ நான்கு காரியம் செய்யுங்கள். குழாயை மாட்டி, உங்களிடம் உள்ளதில் கனமான ஐபீஸைப் போட்டு, 85 டிகிரிக்கு நிமிர்த்திக் கையை எடுங்கள்; சரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அதே நிலையில் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது காலில் முட்டுகிறதா என்று தெரிந்துவிடும். தூரத்துக் கம்பத்தை 100 மடங்கில் நடுவில் வைத்து, குழாய் நுனியை விரலால் தட்டி நொடிகளை எண்ணுங்கள். கடைசியாக மவுண்ட் தலையைப் பிடித்து இடம் வலமாக முறுக்குங்கள். காலும் தலையும் சேரும் இடத்தில் சொடுக்கு விழுந்தால், பெரும்பாலும் அங்கே பிளாஸ்டிக் வாசர் இருக்கும். அதை எடுத்துவிட்டு உருக்கு வாசரும் நைலாக் நட்டும் போட்டு இறுக்கினால் பாதி ஆட்டம் அப்போதே போய்விடும்.